மூன்றாம் வார்டில் நின்றுபோகும் மெஷின்

இந்தப் பேய்க்குக் கண் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? ஒரு வாரமாக இதனோடுதான் குடித்தனம். காலையில் கடைக்கு வந்ததும் நான் இதன் முகத்தில்தான் விழிப்பதாக முதலாளி நானா எல்லோரிடமும் சொல்கிறார். முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

சுதர்ஷினி இப்படி நினைத்துக்கொண்டே கீபோர்டில் ஒரு விரலை அழுத்திப் பிடித்திருந்தாள். மொனிட்டரின் திரையை மறைத்து ஓர் அட்டைப்பெட்டித் துண்டை ஒட்டியிருந்தாள். இடது மேல் மூலை மட்டும் வெளியே தெரிந்தது. அங்கே ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விநாடியில் எத்தனை படம் திரைக்கு வருகிறது என்று காட்டும் எண் அது. எண் உயரத்தில் நின்றால் கிராபிக்ஸ் கார்ட் நன்றாக இருக்கிறது. சற்று இறங்கினால், கார்டைச் சோதிக்க ஓட்டும் அந்தப் பேய் கேமில், ஆஸ்பத்திரியின் மூன்றாம் வார்டுக் கதவு திறந்து பேய் வந்துவிட்டது. திரும்ப ஏறினால் அது அவளைக் கொன்று முடித்துவிட்டது. அவள் ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"அட்டை எதுக்கு புள்ள?" என்று மஃறூப் நானா முதல் நாளே மொனிட்டரின் பின்பக்கம் நின்று கேட்டார். ஹட்டன் பஸாரில் அந்தக் கம்ப்யூட்டர் கடை அவருடையது.

"பல்ப் வெளிச்சம் கண்ணுல அடிக்குது நானா."

"என் மச்சான் இந்த கேம கொஞ்ச நேரம்தான் பாத்தான். அன்னைக்கி லைட்ட போட்டுக்கிட்டே தூங்கினான். நீ கல்லு மாதிரி உக்காந்திருக்க. ஒனக்குத்தான் இந்த மேச பொருத்தம்."

அந்தப் பாராட்டுதான் அவளைக் கட்டிப்போட்டது. கடையின் முன்பக்கம் போட்டோகொப்பி மெஷினோடு நின்றே காலம் போய்விடும் என்று நினைத்திருந்தவளுக்கு, பின்பக்கம் திருத்துகிற மேசை கிடைத்திருந்தது. அங்கே யாரும் அவளைச் சிரிக்கச் சொல்லவில்லை. ஒரு மெஷினைத் திறந்து, எது பழுது என்று தானே கண்டுபிடிக்கும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. பேயைப் பார்க்கப் பயம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிர்ந்தது படுத்துவிடும். ஆகவே அட்டை.

"மிஸ், திரும்ப நின்னுபோச்சு."

வாசலில் லோஜன் நின்றான். தோளில் கம்ப்யூட்டர் மெஷின். ராகலையில் மரக்கறி லொறி வைத்திருப்பவன். பனி மூடிய ரம்பொடை வளைவுகளில் ஒரு கையால் லொறி ஓட்டி, மறுகையால் மீசையை நீவுவான் என்று பேச்சு. வீடு கட்டி முடித்த கையோடு, கடையிலேயே விலை கூடிய கார்ட் போட்ட மெஷின் ஒன்றை வாங்கினான். இந்த கேமை விளையாடத்தான்.

முதல் தடவை அவன் கொண்டுவந்தபோது, "பேய் நேரா வந்து நின்னதும் மெஷின் பொட்டுன்னு நிக்குது," என்றான். சுதர்ஷினி ஓட விட்டுப் பார்த்தாள். நிற்கவில்லை. இருந்தாலும் பவர் சப்ளையை மாற்றிக் கொடுத்தாள்.

இரண்டாம் தடவை, "இப்ப பேய் கிட்ட வர்றது வரைக்கும்கூட இல்ல மிஸ், கதவு தொறந்ததுமே நிக்குது," என்றான். அவள் விசிறிக்குள் அடைந்திருந்த லீக்ஸ் மரக்கறி மண்ணைத் தட்டி, கார்டுக்குப் புது மென்பொருள் ஏற்றினாள். எண் முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்குப் போனது. அன்று அவளே தன் முதுகைத் தட்டிக்கொண்டாள்.

இது மூன்றாம் தடவை.

"இப்ப எப்ப நிக்குதுண்ணே?"

"வார்டுக்குப் போற நடைக்குள்ள கால் வச்சதுமே நிக்குது மிஸ். ஆனா படம் என்னா தெளிவு! செவத்துல ஊறி நிக்கிற ஈரம்கூட தெரியுது."

"தெளிவா வருது, ஆனா முன்னவிட சீக்கிரமா நிக்குது?"

"அதேதான். நீங்க திருத்தத் திருத்த மோசமாகுது."

மஃறூப் நானா பட்டறைக் கதவில் சாய்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். லோஜன் பிளேன்டீ குடிக்கப் போனதும் உள்ளே வந்தார்.

"புள்ள, நான் ஒன்னும் கெட்ட மனுசன் இல்ல. ஆனா இந்த மெஷின் இன்னொரு தடவ இந்தப் படி ஏறினிச்சுன்னா, நீ முன்னுக்குப் போட்டோகொப்பி பக்கம் போயிடு. மேசைக்கு வேற ஆள் பாக்குறேன். கார்ட் பழுதுன்னா கொழும்புக்குத் திருப்பி அனுப்பிடலாம். ஆனா பழுதுன்னு காட்டணும்."

"காட்ட முடியல நானா. இங்க நல்லா ஓடுதே."

"அப்ப மெஷின அவங்க வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிட்டு, நீ அங்க போய் ஓட்டிப் பாரு."

மறுநாள் நுவரெலியா பஸ்ஸிலும், பிறகு ராகலை பஸ்ஸிலும் இருந்தபடி சுதர்ஷினி ஒன்றே ஒன்றைத்தான் யோசித்தாள். அடுத்தவர் வீட்டு மொனிட்டரில் அட்டை ஒட்ட முடியாது.

லோஜனின் மனைவி பிரியந்தி வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சிரித்த முகம். அடுக்களையில் ரைஸ் குக்கர் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் லோஜன் பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடினான்.

"இருட்டு எதுக்குண்ணே?"

"பேய் கேம வெளிச்சத்துல விளையாடினா பேய்க்கு என்னா மரியாத மிஸ்?"

"இவரு பயமே இல்லாத ஆளு அக்கா," என்று அடுக்களையிலிருந்து பிரியந்தி சொன்னாள். அவள் குரலில் ஏதோ இருந்தது. சுதர்ஷினிக்கு அதைக் கவனிக்க நேரம் இல்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். லோஜன் பக்கத்தில், சுவரோரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கடையில் அவள் எப்போதும் சத்தத்தை அடைத்துத்தான் ஓட்டுவாள். இங்கே பெரிய ஸ்பீக்கர். ஆஸ்பத்திரி வாசல் திறந்ததும் எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒரு சக்கரக் கட்டில் தானாக உருண்டது. சுதர்ஷினி வெயிலுக்குக் கை வைப்பது போல நெற்றியில் இடக்கையை வைத்து, மூலையில் ஓடும் எண்ணை மட்டும் பார்த்தாள். விரல் கீபோர்டின் கட்டையை அழுத்தியது. நடை வந்தது. யாரோ மூச்சு விடும் சத்தம். எண் இறங்க ஆரம்பித்தது.

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

டக்.

சத்தம் அடங்கிவிட்டது. கண்ணைத் திறந்தாள். திரை கறுப்பு. லோஜன் மேசைக்கடியில் குனிந்திருந்தான்.

"வயர் லூசான்னு பாக்குறேன் மிஸ்," என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

நின்றுவிட்டது! அவளுக்குக் கிட்டத்தட்டச் சந்தோஷமாக இருந்தது. கண்ணெதிரே நின்ற பழுதைத் திருத்திவிடலாம். கண்ணெதிரே என்ற சொல் மனதில் வந்தபோது கொஞ்சம் உறுத்தியது.

"அண்ணே, நிக்கிறதுக்கு முன்னுக்கு படம் வெட்டி வெட்டி வந்துச்சா? பேய் வந்தப்ப நீங்க என்ன பாத்தீங்க?"

"பேயத்தான் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நீங்களும்தானே மிஸ் பாத்தீங்க?"

"ம், பாத்தேன். சும்மா, சரியான்னு கேக்குறேன்."

"முடி..." என்றான் லோஜன் யோசனையாக.

"ஆமா, முடி," என்றாள் அவள் உடனே.

"நீளம்."

"நல்ல நீளம். முழங்கால் வரைக்கும்."

"மொகத்த மூடிக்கிட்டு."

"அதான் மொகம் தெரியல," என்றாள் சுதர்ஷினி நிம்மதியாக. "முடி வெட்டி வெட்டி வரலல்ல?"

"இல்ல இல்ல. அழகா ஆடுச்சு."

அப்படியென்றால் கார்டில் குறை இல்லை. பிளக்தான் லூசு. அவள் மேசைக்கடியில் புகுந்து, மெஷினின் வயர் எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியிருந்த இடத்தைக் கறுப்பு டேப்பால் சுற்றினாள். மறுபடி சுற்றினாள். இனி அதை யானை கட்டி இழுத்தாலும் வராது. சுவரிலிருந்து வந்த அந்த ஒரே போர்டிலிருந்துதான் அடுக்களைக்கும் ஒரு வயர் போனது. அதை அவள் தொடவில்லை.

"இப்ப பாருங்கண்ணே. நிக்கவே நிக்காது."

"நிக்கவே நிக்காதா?" லோஜனின் குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"நிக்காது."

"எதுக்கும் ஒரு டீ குடிச்சிட்டு..."

"அப்புறம் குடிக்கலாம்ணே. நானா போன்ல கோல் எடுப்பாரு."

இந்தத் தடவை நின்றால் போட்டோகொப்பிதான். அவள் கைவிரல்கள் சில்லிட்டிருந்தன. அது ராகலைக் குளிர் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தண்ணீர் சொட்டியது. கட்டில் உருண்டது. நடை வந்தது. மூச்சுச் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. எண் இறங்கியது. கண்ணை மூடினாள். பக்கத்தில் ஏதோ இழுபடும் சத்தம். டேப் கிழியப் பார்க்கும் சத்தம். மூன்றாம் வார்டின் கதவு கிறீச்சிட்டது. யாரோ, "ஐயோ அம்மா!" என்றார்கள். பேயா என்று ஒரு கணம் நினைத்தாள். பேய் மலையகத் தமிழில் கத்தாது.

டமார்.

மெஷின் போனது. மொனிட்டர் போனது. அடுக்களையில் கொதித்துக்கொண்டிருந்த ரைஸ் குக்கரும் டிக்கென்று அடங்கியது.

சுதர்ஷினி கண்ணைத் திறக்கவில்லை. முடிந்துவிட்டது என்று மட்டும் நினைத்தாள். திருத்தத் திருத்த மோசமாக்கும் ஒருத்தி. முன்பக்கத்துக்கே திரும்பிப் போய், இரண்டு பக்கமும் கொப்பி எடுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"கார்ட் பழுதாத்தான் இருக்கணும்ணே," என்றாள். "என்னால கண்டுபிடிக்க முடியல."

திரைச்சீலை சரேலென்று விலகியது. வெளிச்சம் உள்ளே கொட்டியது. கையில் அகப்பையோடு பிரியந்தி நின்றாள்.

"சோறு அரைவேக்காடாப் போச்சு. இனிமே என்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியாது. அக்கா, அது மொட்டப் பேய். ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் அதுக்குச் சட பின்னிக்கிட்டு இருக்கீங்க. மெஷினுக்கு ஒன்னும் இல்ல; பேய் வர்ற நேரம் பாத்து இவரு வயரப் புடுங்குறாரு, நீங்க கண்ண மூடிக்கிறீங்க!"

சுதர்ஷினி நாற்காலியிலிருந்து எழுந்து திரும்பிப் பார்த்தாள். சுவரோரத்தில் லோஜன் நின்றான். அவன் கையில், சுவரிலிருந்து பிடுங்கிய வயர், டேப் சுற்றிய போர்டோடு தொங்கியது. மீசை ஒரு பக்கம் துடித்தது.

அவன் வயரைக் கீழே போட்டுவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் மெதுவாகத் தள்ளினான்.

"மிஸ்... அந்த ஒரு வார்ட மட்டும் நீங்க தாண்டிக் குடுத்துட்டுப் போங்களேன். அதுக்கப்புறம் நான் பாத்துக்குறேன்."

சுதர்ஷினி நாற்காலியைப் பார்த்தாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கார்ட் வரைக்குந்தாண்ணே என் வேல," என்றாள் மெல்லிய குரலில். "உள்ளுக்கு நான் வரல."