துப்பாக்கிப் பரீட்சையில் என் மருத்துவ அட்டை

துப்பாக்கி பிடித்த முதல் வாரத்தில் எல்லாருக்கும் ஒரு வியாதி வரும்: தான் பிறவியிலேயே வீரன் என்ற நினைப்பு. எனக்கு அது காய்ச்சலோடு வந்தது.

கனடாவில், மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்துப் பெட்டிகள் அடுக்கிக்கொண்டிருந்த நான், வங்கிகளுக்குக் காசு கொண்டுபோகும் கவச வாகனத்தில் காவலர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். இடுப்பில் துப்பாக்கியோடு போகிற வேலை. (கோழி வெட்டினால் கண்ணை மூடுகிற இலங்கை மன்னார்ப் பெண் நான்.)

"இஞ்ச பாரும், உமக்கு இது சரிவருமே?" என்றார் என் கணவர் அன்ரன்.

"ஏன் வராது? இருந்து பாருங்கோ!"

பயிற்சியில் என்னோடு இன்னொரு தமிழரும் இருந்தார். தேவன் அண்ணை, முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சுடும் கூடத்தில் முதல் பகுதிப் பரீட்சை. கடதாசி மனிதனின் நெஞ்சிலேயே என் குண்டுகள் எல்லாம் போய் விழுந்தன. உடனே படம் எடுத்து, எங்கள் கோயில் பெண்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினேன். 'எங்கட சிங்கம்!' என்று பதில்கள் குவிந்தன.

பயிற்சியாளர் லூசி, கியூபெக்காரி, கடதாசியை எட்டிப் பார்த்தாள். "நல்லது. ஆனால் இது உன்னைப் பார்த்துக் கத்தாது, மதாம்" என்றாள் பிரெஞ்சில். நல்ல வெளிச்சத்தில், ஆறுதலாக நின்று சுடுவது யாருக்கும் வருமாம். பொலிசோ எங்களைப் போன்ற காவலரோ, பயத்தில் நெஞ்சு அடிக்கும்போது சுடுவதா, விடுவதா, ஒதுங்குவதா என்று முடிவெடுக்கத் தெரியவேண்டுமாம். இரண்டாம் பகுதி அதற்குத்தான். அதில் தவறினால் வேலை இல்லை.

பலகையால் ஒரு பொய் வங்கி கட்டியிருந்தார்கள். சாயக் குண்டு போட்ட துப்பாக்கி, தலையை மூடும் முகமூடி, கையில் காசுப்பை. கொள்ளைக்காரன் வேடம் தேவன் அண்ணைக்கு. "உண்மையாகப் பயமுறுத்து. எந்த மொழி என்றாலும் சரி" என்று லூசி அவருக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. பயமா? எனக்கா? கால்கள் துள்ளின. எப்போது வருவான், எப்போது சுடுவேன் என்று பறந்துகொண்டிருந்தேன்!

மூலையிலிருந்து பாய்ந்தார் தேவன் அண்ணை. அவர் வாயிலிருந்து வந்தது பிரெஞ்சும் இல்லை, தமிழும் இல்லை.

"அத் உஸ்ஸன்ன!"

கையைத் தூக்கு! ஊரில் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் கத்துகிற அதே சிங்களம், அதே தொனி. பிறகு நடந்ததற்கு என் மூளை பொறுப்பில்லை. துப்பாக்கியைப் பக்குவமாக நிலத்தில் வைத்தேன். காசுப்பையை அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கைகளையும் தூக்கினேன். பிறகு ஒரு கையை மெதுவாக இறக்கி, பின்பொக்கற்றிலிருந்து என் கியூபெக் மருத்துவ அட்டையை எடுத்து, ஊரில் அடையாள அட்டையை நீட்டுவதுபோலப் பணிவாக நீட்டினேன்.

இத்தோடு நின்றிருந்தால் அவமானம் எனக்கு மட்டும்தான். தேவன் அண்ணை அட்டையை வாங்கினார். முன்னுக்குப் பார்த்தார், பின்னுக்குப் பார்த்தார், படத்தையும் என் முகமூடியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். திருப்பித் தந்துவிட்டு, "ஹரி, யன்ன" என்றார். சரி, போ!

நான் போனேன். கதவைத் திறந்து, வங்கியை விட்டே வெளியே போய்விட்டேன். காசுப்பை நடுவில் அநாதையாகக் கிடந்தது. கொள்ளைக்காரன்கூட அதைத் தொடவில்லை.

லூசி விசிலை ஊத வாயில் வைத்தவள், சிரிப்பில் ஊத முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, என்ன செய்தனியள்?" என்றேன் முகமூடியைக் கழற்றி.

"எனக்கென்ன தெரியும் பிள்ளை! வெருட்டச் சொன்னா. என்னை வெருட்டினவங்கள் அப்பிடித்தானே கத்தினவங்கள். நீர் அட்டையை நீட்ட, கை தானா வாங்கிப்போட்டுது."

லூசியிடம் விளக்கினோம். அவள் சிரிப்பு நின்றது. "அப்படியென்றால் உங்களுக்கு இந்தப் பயிற்சிதான் கட்டாயம் வேண்டும். பிறகு இன்னொரு தரம் பரீட்சை வைக்கிறேன்" என்றாள். பிறகு வந்த நாள்களில் தேவன் அண்ணையை அதே சிங்களத்தில் தொண்டை கட்டக் கத்தவைத்தாள். கடைசியில் மறுபரீட்சை நாளில் கைகள் மேலே போகாமல், நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிச் சுட்டேன். அண்ணையின் நெஞ்சில் நீலச் சாயம்! கத்திக் குதித்தேன். அவரும் குதித்தார்.

இன்று இரண்டு பேரும் ஒரே வாகனத்தில் வேலை. அன்ரன் இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு மொன்ட்ரியாலில் இல்லை. அண்ணை எங்கள் வீட்டு மணியை அடித்தால், என் மகள் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பிரெஞ்சில் கேட்பாள்: "உங்கள் அட்டை, மிசியு?"

அவர் கடிதம் போடும் துவாரத்தால் தன் மெற்றோ அட்டையை உள்ளே தள்ளுவார். அவள் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.