எறும்பரின் தொட்டி

லண்டனில் இல்ஃபோர்ட் முழுக்கத் தேடினாலும், தன் ஹீட்டரை எறும்புகளுக்குக் கொடுத்துவிட்டு ஜாக்கெட்டோடு படுக்கும் இன்னொரு மனிதரைக் காணமுடியாது. ஐந்து பேர் இருந்த வீட்டில் அவருடைய உண்மைப் பெயர் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் எறும்பர்.

அவருடைய அறையில் மீன் இல்லாத மீன்தொட்டி. உள்ளே மண், மண்ணுக்குள் இணையத்தில் வாங்கிய ஆபிரிக்க எறும்புகள். கறுப்பு, ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைப் போல இரண்டு மடங்கு. வரிசையாகப் போகும் பழக்கமில்லை, தனித்தனியாகத்தான் வேட்டை. சாப்பாடு, உயிருள்ள வெட்டுக்கிளி. அப்படியொரு வெட்டுக்கிளி குளியலறைக்குள் தப்பிவந்த அன்று நான் குளிக்கவில்லை.

படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பயப்பட மட்டும் முழுதாகத் தெரியும்.

"அண்ணை, கடிச்சால் ஆள் செத்துப்போகுமோ?"

"நீர் சாகமாட்டீர். உம்மட கேள்வியில நாங்கள்தான் சாகிறம்."

மண்ணுக்குள் சுரங்கம் போட்டு, கூட்டுக்கு வெகுதூரம் தள்ளி வாசல் திறக்குமாம். கேட்ட நாளிலிருந்து என் கட்டில் கால்கள் சவர்க்காரத் தண்ணீருக்குள் நின்றன. சீண்டினால் நாறுமாம். அது தெரியும்வரை கீழறைக்காரரின் கருவாட்டைத்தான் ஏசிக்கொண்டிருந்தோம்.

குளிர்காலத்தில் வீட்டுக்காரர் வீடு பார்க்க வந்தார். அவர் தள்ளிய கதவு தொட்டியில் மோத, மண் இடிந்து கூடு மூடுண்டது. நாற்றம் எழும்பியது.

"என்ன கோதாரி இது? இதுகள் போகவேணும், இல்லாட்டி நீங்கள் போகவேணும்!"

எறும்பர் திரும்பவில்லை. மேலே நின்ற எறும்புகள் ஓடிவந்து தோண்டத் தொடங்கியிருந்தன. அந்த நாற்றம்தான் புதைந்தவை போடும் கூப்பாடாம்.

"லண்டனுக்கு வரேக்கை ஏஜென்சிக்காரன் எங்களை ஆபிரிக்காவில ஒரு வீட்டுக்கை பூட்டி வைச்சவன்," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி. "மழைக்குச் சுவர் விழுந்தது. என்னோட வந்த பரமு அதுக்குக் கீழ. பொலிஸ் வந்திடும் எண்டு தோண்ட விடேல்லை. முற்றத்தில இதுகள் மட்டும் தங்கட ஆக்களைத் தோண்டிக்கொண்டு நிண்டுதுகள்."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "சரி... ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருங்கோ."

எறும்புகளைக் கைவிட எறும்பர் சம்மதிக்கவில்லை. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு ஈர அறை கிடைத்தது. ஞாயிறு காலை, அவருக்குப் பின்னால் நானும் பெட்டியோடு இறங்கினேன்.

"உம்மை ஆர் போகச் சொன்னது?" என்றார் வீட்டுக்காரர்.

புது அறைக் கட்டில் கால்களுக்கென்று சவர்க்காரம் என் பெட்டிக்குள் இருந்தது.

"அந்தாளுக்குத் தனியத் தொட்டி தூக்க ஏலாது, அண்ணை," என்றேன்.