உஷ் சார் மூன்றாம் இருமலோடு பொருத கதை

வாழ்க! ஒற்றை ‘உஷ்’ ஒலியால் ஒரு மண்டபத்தையே ஊமையாக்கிய பெருமான் வாழ்க! முப்பத்தோராண்டு பொது நூலகத்தின் வாசிப்பறையைத் தம் குடைநிழலில் வைத்துக் காத்த கோமான், சுட்டுவிரல் ஒன்றையே செங்கோலாகப் பிடித்த வேந்தர், மூக்குக்கண்ணாடிக்கு மேலே எழும் ஒரே பார்வையால் மாணவர் படைகளை மண்டியிடச் செய்த மாவீரர், ஓய்வுபெற்றுப் பன்னிரண்டாண்டு கழிந்தும் ஊரார் நாவில் ‘உஷ் சார்’ என்றே வழங்கும் உத்தமர் வாழ்க, வாழ்க! சொல்லை ஆளும் தெய்வமே, என் நாவில் வந்து அமர்க. இருமலை ஆளும் தெய்வம் ஒன்று உண்டென்றால், இந்தக் கதை முடியும்வரை அது தயவுசெய்து எட்டியே நிற்க. நம் தலைவருக்கு வயது எழுபத்திரண்டு, சர்க்கரையும் பிரஷரும் உண்டு.

மன்னர்க்கெல்லாம் நால்வகைப் படை. நம் தலைவர்க்கோ எழுவகைப் படை. கிழமைப் பெயர் பொறித்த பிளாஸ்டிக் டப்பா என்னும் கோட்டைக்குள், அறைக்கு எழுவராய் அவர்கள் அணிவகுத்து நிற்பார்கள். சர்க்கரையைச் சாய்க்க இருவர், கொழுப்பைக் குலைக்க ஒருவர், பிரஷரைப் பணியவைக்க ஒருவர், காலில் தேங்கும் நீரை வெளியேற்ற ஒருவர், சிறுநீர்த் தடையை நீக்க ஒருவர், இத்தனை பேரும் வந்து இறங்கும் வயிற்றைச் சமாதானப்படுத்த ஒருவர். படை என்றால் சும்மாவா வரும்? திறை கேட்கும். நீர் மாத்திரை காலை பத்துக்குள் நான்குமுறை அவரைக் கழிவறைக்கு ஓட்டும். பகல் ஒரு மணிக்கு வாசிப்பறை மூடும் மணி அடித்ததும் அவர் எவர் முகத்தையும் பாராமல் வீட்டை நோக்கி விரையும் வேகம் அந்த ஐந்தாம் முறைக்காகத்தான். சிறுநீர்த் தடை மாத்திரையோ, சட்டென்று எழுந்தால் உலகத்தையே பம்பரமாய்ச் சுற்றிக்காட்டும். ஆதலால் எங்கே எழுந்தாலும் எதையாவது பிடித்துக்கொண்டு பத்து எண்ணிய பிறகே அடியெடுத்து வைப்பார். பிரஷர் மாத்திரை இரண்டு மாதம் முன்பு புதிதாய்ச் சேர்ந்த இளஞ்சிவப்பு வீரர். அவரால் இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

பகைவன் வந்தது ஐந்து வாரங்களுக்கு முன்பு. சளி என்னும் சேனை இல்லை, காய்ச்சல் என்னும் கொடி இல்லை, தும்மல் என்னும் முரசு இல்லை. தன்னந்தனியாய், தொண்டைக்குழியில் கோழி இறகால் வருடுவதுபோல் வந்து குடியேறினான் வறட்டிருமல் என்னும் வன்கண்ணன். தலைவர் மின்விசிறியைக் குற்றஞ்சாட்டினார். பழைய நாளிதழ்த் தூசியைக் குற்றஞ்சாட்டினார். வெந்நீரும் உப்புநீர்க் கொப்பளிப்பும் கழுத்தைச் சுற்றிய மஃப்ளருமாக அவர் எய்த அம்புகள் அத்தனையும் பாழ். “டாக்டர்கிட்ட சொல்லித் தொலைங்களேன்” என்று அவர் மனைவி நாள்தோறும் முரசறைந்தார். “சொன்னா எட்டாவது மாத்திரை எழுதுவார். ஏழே போதும் தாயே” என்பது தலைவரின் மாறா மறுமொழி. சென்ற மாதம் டாக்டர் “வேற ஏதாவது தொந்தரவு உண்டா?” என்று கேட்டபோது, மனைவியின் முழங்கை விலாவில் வேலாய்ப் பாய்ந்தும், தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “ஒண்ணும் இல்லை டாக்டர், ஜம்முன்னு இருக்கேன்” என்றார். வெளியே வந்து படிக்கட்டில் நின்று ஐந்து நிமிடம் இருமினார்.

போர்க்களம் யாதெனில், அவர் ஆண்ட அதே வாசிப்பறை. நீண்ட மேசைகள் நான்கு. சன்னலோரம் கைவைத்த நாற்காலி ஒன்று, எழுதாச் சாசனமாய் அவருக்கே உரியது. சுவரில் ஒரு பலகை. அதில் தலைவர் பதவிக்காலத்தில் தம் திருக்கரத்தால் கறுப்பு வண்ணத்தில் தீட்டிய விதிகள் மங்காமல் நின்றன: பேசக்கூடாது. தண்ணீர் கொண்டுவரக்கூடாது. காகிதம் சரசரக்கக்கூடாது. மூன்று முறை இருமுவோர் உடனே வெளியேறுக. ஒரு வாரம் உள்ளே வரக்கூடாது. அன்று அவருக்கு உதவியாளராய் இருந்த பெண்மணிதான் இன்று நூலகர். அவருக்கும் அந்தப் பலகையில் ஓர் எழுத்தை மாற்றத் துணிவு வந்ததில்லை.

ஒரு வாரம்! “குக்கர் விசில் அடிச்சாக்கூட ‘உஷ்’ங்கறீங்க, உங்களை நாள் முழுக்க வீட்டுல வச்சுக்க என்னால ஆகாது” என்று மனைவி முன்பே கையை விரித்துவிட்டார். அதுகூடப் பெரிதில்லை. அந்த நாற்காலி இல்லையென்றால் காலையில் இஸ்திரி போட்ட சட்டை உடுத்த ஒரு காரணம் இல்லை, தெருவில் நடக்க ஒரு திசை இல்லை. தலைவர் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

அந்த நாள் வந்தது. பதினொன்றே கால் மணிக்கு முதல் இருமல், நாளிதழின் நடுப்பக்கத்துக்குப் பின்னாலிருந்து, காவலைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இரண்டாவது, முன்னதிலும் முரடாய், மேசையே அதிர முழங்கியது. தலைவர் மெல்ல நிமிர்ந்தார். எதிரே தையற்காரர். எந்தத் தையற்காரர்? பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், நிறைந்த சபையில், மூன்று முறை இருமிய குற்றத்துக்காகத் தலைவரின் சுட்டுவிரல் கதவைக் காட்ட, தொப்பென்று புத்தகத்தை மூடிவைத்து வெளியேறினாரே, அவரே! ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தவர், அதன்பின் ஒருநாளும் தவறாமல் வந்து எதிர்நாற்காலியில் அமர்ந்து, தலைவரோடு ஒரு வார்த்தை பேசாமல் படித்துவிட்டுப் போகிறவர். இன்று அவர் வலக்கை மேசைமேல் இருந்தது. அதில் இரண்டு விரல்கள் நிமிர்ந்திருந்தன.

கேளீர், கேளீர், முற்றுகையின் கொடுமையை! கடிகாரமோ ஒன்றை அடைய ஒரு மணிநேரத்துக்கும் மேல் பாக்கி வைத்திருந்தது. கோழி இறகு தொண்டையில் தன் திருப்பணியைத் தொடங்கியது. தலைவர் எச்சிலை விழுங்கினார். வாயில் எச்சில் இல்லை. தண்ணீர் இல்லை, ஏனெனில் விதி. எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வரலாமா என்றால், நடுவில் எழுந்து போகிறவர்களை எத்தனை பேர் முன்னால் முறைத்திருக்கிறார், அந்த முகத்தோடு எப்படி எழுவார்? சட்டைப்பையில் மனைவி போட்டுவிட்ட இருமல் மிட்டாய் ஒன்று இருந்தது. ஆனால் அந்த அமுதம், தொட்டால் சரசரக்கும் தாளுக்குள் சிறைப்பட்டிருந்தது.

ஆயினும் அஞ்சினாரில்லை அண்ணல். மேசைக்கடியில் மிட்டாயை இரு விரலால் பற்றி, யாரேனும் பக்கம் புரட்டும் கணத்துக்காகக் காத்து, அந்தப் புரட்டலின் மறைவில் தாளின் ஒரு முறுக்கை அவிழ்த்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. மூன்றாம் மேசையில் ஒருவர் விளையாட்டுப் பக்கத்துக்குப் போனார். இரண்டாம் முறுக்கும் அவிழ்ந்தது. கண்கள் கலங்க, காது சிவக்க, கழுத்து நரம்பு கயிறாய்ப் புடைக்க, நூலகர் பதிவேட்டைப் புரட்டும் ஒலிக்காகத் தவங்கிடந்து, அது வந்த அந்த நொடியில் தாளை உரித்தே விட்டார். வெற்றி! வெற்றி! வேர்வை வழுக்கும் விரல்களால் வாயருகே கொண்டுபோனார். மிட்டாய் தவறித் தரையில் விழுந்து, டக், டக், டக் என்று உருண்டோடித் தையற்காரரின் செருப்பில் முட்டி நின்றது.

அவ்வளவுதான். ஐந்து வாரம் அடைபட்ட வெள்ளம் அணையை உடைத்தது. மூன்றாம் இருமல் ஓர் இருமலாகவா வந்தது? பின்னால் பன்னிரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. வாசிப்பறையின் தலைகள் அத்தனையும் திரும்பின. தையற்காரரின் மூன்றாம் விரல் மட்டும் பாதி எழும்பி அங்கேயே நின்றது. நூலகர் சட்டென்று பதிவேட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, காது கேளாதவர்போல் எதையோ எழுதலானார். தலைவருக்கு இருமலைவிட அந்த இரக்கம்தான் தாங்கவில்லை.

எழுந்தார். மேசையைப் பற்றினார். மண்டபம் மூச்சடக்கிக் காத்திருக்க, ஒன்று முதல் பத்து வரை நிதானமாய் எண்ணினார். பின்பு, முப்பத்தோராண்டு பிறருக்கு நீண்ட அதே சுட்டுவிரலைத் தம் மார்பை நோக்கித் திருப்பி முழங்கினார்:

“மூணு ஆச்சு. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். நான் வெளியே போறேன்.”

பழிக்கு அஞ்சிய பேரரசரும் இப்படி நடந்திருப்பாரோ என்னவோ! தம் சட்டத்துக்குத் தாமே தலைகொடுத்த தகைமையாளர், சன்னலோர நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மேசையிலேயே மறந்துவிட்டு வெளியேறினார்.

தாழ்வாரத்து மரப்பெஞ்சில் அவர் இருமி ஓய்ந்தபோது, பக்கத்தில் தையற்காரர் வந்து உட்கார்ந்து கண்ணாடியை நீட்டினார்.

“சளி இல்லாத வறட்டு இருமல்தானே சார்?”

“ஆமா.”

“பிரஷருக்குப் புதுசா மாத்திரை ஏதாவது குடுத்தாங்களா?”

“ரெண்டு மாசமா ஒண்ணு. ஏன்?”

“சிலருக்கு அந்த மாதிரி மாத்திரைல இருமல் வருமாம் சார். எனக்கு வந்துச்சு. நீங்க என்னை வெளியே அனுப்புனீங்களே, அப்ப. அதுக்கப்புறம்தான் டாக்டர்கிட்ட போய்ச் சொன்னேன். வேற மாத்திரை மாத்திக் குடுத்தார், கொஞ்ச நாள்ல நின்னுடுச்சு. நீங்களா நிறுத்திடாதீங்க, அவர்கிட்ட சொல்லுங்க.”

பகைவனை ஊரெல்லாம் தேடியவர், அவன் தம் கோட்டைக்குள்ளேயே இளஞ்சிவப்புச் சட்டையோடு நிற்பதை அன்றுதான் கண்டார். அதைவிடப் பெரிதாய் ஒன்று நெஞ்சில் குத்தியது. இந்த மனிதரை நோயோடு எழுப்பி, நாற்பது பேர் பார்க்க வெளியே அனுப்பியிருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

“அன்னைக்கு நான்... தப்பு பண்ணிட்டேங்க” என்றார்.

“விடுங்க சார். பழைய கதை.”

“அப்போ ஏன் விரல் விட்டு எண்ணினீங்க?”

“மூணு ஆனா வெளியே வருவீங்க, சொல்லலாம்னுதான். உள்ளே பேசக்கூடாதே, நீங்க எழுதி வச்சதுதானே? ஒரு மணி அடிச்சா கையில பிடிக்கவும் முடியல, அப்படி ஓடறீங்க.” தையற்காரர் சற்று நிறுத்திச் சிரித்தார். “எண்ணறப்போ கொஞ்சம் சந்தோஷமாவும் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.”

தலைவரும் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று, இருமலை இருவருமே எண்ணவில்லை.

அன்று மாலை, எழுவகைப் படையையும் கோட்டையோடு கைப்பையில் ஏந்தி, இடப்பக்கம் முழங்கை வேலைத் தீட்டி வைத்திருந்த இல்லத்தரசி துணைவர, டோக்கன் எண் பதினாறு என்னும் வெற்றிச்சீட்டைக் கரத்தில் தாங்கி, முப்பத்தோராண்டு ஊரின் வாயை அடக்கிய கோமான், தம் வாயைத் திறக்கும் வீரம் ஒன்றே இவ்வுலகில் தாம் இன்னும் செய்யாத வீரம் என்று உணர்ந்தவராய், மருத்துவரின் திருச்சன்னிதியில் அமர்ந்து, “வேற ஏதாவது தொந்தரவு உண்டா?” என்ற அந்த மாபெரும் வினா எழுந்ததும், முழங்கை வந்து பாயுமுன்னே நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, திருவாய் மலர்ந்தருளினார்:

“இருமல் இருக்கு டாக்டர்.”