அட்டைக்கடி

ஒரே ஒரு மலையிலே, ஒரே ஒரு லயத்திலே, இனி யாரிடமும் தோற்பதில்லை என்று சபதம் போட்ட புருசன் ஒருத்தன் இருந்தான். வேறு யாருமில்லை, நான்தான்.

இலங்கை மலைநாட்டில், றொசல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்தான் எங்கள் லயம். மூன்று வாரமாக விடாத மழை. ஆனால் நான் பெரிய வேலையில் இருந்தேன். கார்ட் வைத்துச் சண்டை போடும் ஒரு வெளிநாட்டு விளையாட்டுக்கு நாங்கள் நாற்பது பேர் பைத்தியம். அதில் நம்ம மலைநாடு இல்லையே என்று, நாங்களே அறுபது கார்ட் வரைய முடிவு செய்தோம். யாரும் வரைந்து வாட்ஸ்அப் குழுவில் போடலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டு எண்ணுவோம். ஜெயித்த கார்டெல்லாம் தொகுப்பில் சேரும். தலைவர் நான்.

நல்ல தமிழில் இருக்கட்டுமே என்று, "அட்டைகள் தேவை, அனுப்புங்கள்" என்று அறிவித்தேன். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராச் செல்லசாமி மாமா போத்தலோடு வந்து நின்றார். உள்ளே பதினோரு அட்டை. நெளிந்தன.

"கொழுந்து மலையில புடிச்சது மாப்ள. போதுமா?"

"மாமா, இது ரத்தம் குடிக்கிற அட்டை!"

"அப்ப ஒன்னோட அட்டை என்னத்தக் குடிக்கும்?"

"நேரத்தக் குடிக்கும் மாமா," என்றாள் என் மனைவி தனுஷிகா, வாளியை நகர்த்திக்கொண்டே.

வாளி எதற்கு என்றால், கூரை ஒழுகியது.

"என்னங்க, அந்தத் தகரத்த மாத்துங்க."

"அறுபது முடியட்டும்."

"அட்டைக்கா, உங்களுக்கா?"

இந்த நேரத்தில்தான் 'அட்டைக்கடி' என்ற பெயரில் ஒரு ஆள் குழுவுக்குள் வந்தது. தெரியாத நம்பர். நான் தோட்டத்து மேற்பார்வையாளர் 'கண்டாக்கு'வைக் கார்டாக வரைந்தேன்: காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டால் எதிரிகள் வரிசையில் நிற்பார்கள். அட்டைக்கடி 'லயத்துக் கூரை' வரைந்தது: மழை பெய்தால் இரண்டு பக்கமும் நனையும். முப்பத்தொன்றுக்கு இரண்டு ஓட்டில் நான் தோற்றேன். இரண்டில் ஒன்று என்னுடையது. மற்றது செல்லசாமி மாமாவுடையது, விரல் தவறி.

வாராவாரம் இதே கதை. ஐம்பத்தொன்பது கார்டில் என் கார்ட் ஒன்றுகூட இல்லை. அறுபதாவதாவது என்னுடையதாக இருக்கவேண்டும். இல்லையென்றால் தலைவர் என்று எதற்கு?

"யாருன்னே தெரியல, உயிர வாங்குது," என்றேன்.

"பாவம், நல்லா வரையுது போல," என்றாள் தனுஷிகா, தன் போனிலிருந்து தலை தூக்காமல். கோழிக் குருமா செய்முறை பார்க்கிறாளாம். மூன்று வாரமாகப் பார்க்கிறாள். மூன்று வாரமாகப் பருப்புதான்.

அப்போது அட்டைக்கடியே தனியாகச் செய்தி அனுப்பியது. 'அண்ணா, கொழும்பு அச்சகம் ஒன்றில் படம் வரைய ஆள் எடுக்கிறார்கள். தலைவர் என்ற முறையில் ஒரு கடிதம் தருவீர்களா? பெயர் எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள்.'

சனியன் தானாகக் கழலுகிறது! உருகி உருகி எழுதினேன். 'இவரைப்போல் திறமைசாலி மலைநாட்டில் இல்லை. உடனே அழைத்துக்கொள்ளவும். தங்க இடம் கொடுக்கவும். அடிக்கடி லீவு கொடுக்கவேண்டாம்.' கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து அனுப்பினேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் தனுஷிகா பையோடு வாசலில் நின்றாள்.

"எங்க?"

"கொழும்புக்கு. ரயிலுக்கு நேரமாச்சு."

"கொழும்புல யாரு இருக்கா?"

கடிதத்தை நீட்டினாள். என் கையெழுத்து. வெறுமையாக விட்ட இடத்தில் அவள் பெயர்.

"நீ... என்னை அண்ணான்னு கூப்பிட்டியேடி!"

"பொண்டாட்டியா கூப்பிட்டப்ப காது கேக்கலயே."

"எப்ப வருவ?"

"தலைவர்தான எழுதியிருக்காரு, அடிக்கடி லீவு வேணாம்னு." பையைத் தோளில் மாட்டினாள். நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாளோ என்னவோ. நான் கூரையைப் பார்த்தேன். "வாளி நெறஞ்சிருச்சு, ஊத்திருங்க," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். பனி அவளைப் பாதி வழியிலேயே மறைத்தது.

போன் சிணுங்கியது. அறுபதாவது கார்டை முதல்நாளே போட்டிருக்கிறாள், ஓட்டும் விழுந்துகொண்டிருந்தது. 'தலைவர். பலம்: பூச்சியம். கூரை ஒழுகினால் போன் பார்ப்பார்.'

செல்லசாமி மாமா எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, அந்த அட்டை கழண்டுச்சா?"

"கழண்டுருச்சு மாமா."

"உப்புப் போட்டியா?"

"கடுதாசி போட்டேன்."

மாமா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழைக்குள் நடந்தார்.