ஓ.டி.பி. அண்ணாச்சிக்குத் திருப்தி

இந்த நாட்டில் அரசாங்கத்திடம் சுகம் விசாரித்த ஒரே குடிமகன் எங்கள் தெரு ஓ.டி.பி. அண்ணாச்சிதான். மற்றவர்கள் இணையத்தில் புகார் போடுவார்கள். அண்ணாச்சி அதே இடத்தில் கடிதம் எழுதுவார். "இங்கு நாங்கள் சுகம், அங்கு தாங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்" என்று ஆரம்பித்து, தூத்துக்குடி வெயில், உப்பு லாரிகளின் ஆரன் சத்தம், தன் முட்டுவலி எல்லாம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் தெரு முக்கில் கழிவுநீர் வாறுகாலை மூடியிருந்த சிமெண்ட் சிலாப் உடைந்து, ஆள் விழும் அளவுக்குக் குழி ஆகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் மூடிக்கொள்ளும். ரோடு எது, குழி எது என்று தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இணையப் புகார்ப் பெட்டி ஐந்நூறு எழுத்துக்கு மேல் வாங்காது. அண்ணாச்சிக்கு ஐந்நூறு எழுத்தில் வெயிலைக்கூட சொல்லி முடிக்க வராது. ஆகவே மிச்சத்தை இரண்டாவது மனுவாகப் போடுவார், அதற்கும் மிச்சத்தை மூன்றாவதாக. ஒரு கைபேசி எண்ணில் ஒரு நாளைக்கு ஒரு மனுதான் போகும் என்பதால், தெருவில் உள்ள அத்தனை பேர் எண்ணும், அதற்கு வரும் ஓ.டி.பி.யும் அவருக்குத் தேவைப்பட்டன. நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் குரல் கேட்கும்.

"ஏலே, உனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு."

"அண்ணாச்சி, யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு."

"அது திருட்டுப் பயலுவளுக்குல. நான் கவர்மெண்டுக்குல்லா கேக்கேன்!"

இந்த மாதிரி நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எச்சரிக்க ஒரு போலீஸ்காரர் தெருவுக்கு வந்தார். தெருவே பயந்து தலையாட்டியது. அவர் பைக்கைக் கிளப்புவதற்குள் அவர் கைபேசியிலிருந்தே ஒரு மனு போய்விட்டது என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

அண்ணாச்சி துறைமுகத்தில் கப்பல் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்கள் அவருக்கு மறக்காது. "உன் பேர்ல இருக்கது நாப்பத்தேழுல முடியுதது, உன் வீட்டுக்காரி பேர்ல இருக்கது பன்னெண்டு" என்று மனு எண்களைப் பேரப்பிள்ளைகள் பெயர் மாதிரி சொல்லுவார்.

கடிதம் துண்டு துண்டாகப் போனதால் துண்டுக்கு ஒரு துறை வந்தது. முட்டுவலித் துண்டுக்கு இரண்டு பேர் பையோடு வந்து, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டு, தண்ணீர்த் தொட்டியில் கொசு மருந்தை ஊற்றிவிட்டுப் போனார்கள். ஆரன் துண்டுக்கு ஒருவர் போனில் கூப்பிட்டு லாரி நம்பர் கேட்டார். அண்ணாச்சி பதினாறு லாரி நம்பர் சொன்னார். மறுமுனையில் போன் கட்டாகிவிட்டது. சிலாப் துண்டு மட்டும் சரியான அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு வாங்கும் ஒப்பந்த ஊழியன். என்ன வேலை என்று தெருவில் விவரமாகச் சொன்னதில்லை. 'கம்ப்யூட்டர்ல' என்பேன். கெடு தாண்டிய மனு எங்கள் திரையில் சிவப்பாகிவிடும். சிவப்பு கூடினால் திங்கட்கிழமை காணொலிக் கூட்டத்தில் எங்கள் மேடத்துக்கு அர்ச்சனை நடக்கும். மேடம் என்னிடம் வருவார். "தம்பி, சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் பச்சை ஆக்கிருங்க." சிலாப் போட ஆள் வேண்டும், சிமெண்ட் வேண்டும், பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். பச்சை ஆக்க ஒரு வரி போதும். 'களஆய்வு செய்து உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று அடிப்பேன். அடுத்த நொடி என் சட்டைப்பையில் கைபேசி சிணுங்கும். என் எண்ணிலிருந்து போன மனு தீர்க்கப்பட்டுவிட்டதாக எனக்கே செய்தி வரும்.

அந்தச் செய்தியோடு ஒரு கேள்வியும் வரும். திருப்தியா, ஆமா, இல்லையா? 'இல்லை' என்று அழுத்தினால் மனு மறுபடி திறந்து மேலிடத்துக்குப் போகும். முடித்து வைத்தவன் யார் என்று கேட்பார்கள். அண்ணாச்சி வீடு வீடாகப் போய், ஒவ்வொரு கைபேசியையும் வாங்கி, 'ஆம்' என்று அழுத்துவார். இந்த மனிதருக்கு மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே, பொறுக்காமல் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, குழி அப்படியே கெடக்கு. திருப்தின்னு அமுக்குதிய?"

"ஏலே, இல்லைன்னு போட்டா அதை எழுதுன புள்ளையக் கூப்பிட்டு ஏசுவாங்களாம். காண்ட்ராக்ட்ல இருக்க புள்ளையாம். எவன் பெத்த புள்ளையோ, வேலை போயிட்டுன்னா என்ன செய்யும்? குழிக்கு நாளைக்கு வேற மனு போட்டுக்கிடலாம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயில் பற்பசை நுரை இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த நுரையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

கார்த்திகையில் மழை கொட்டியது. என் எண்ணிலிருந்து போன கடைசி மனுவை நான் பச்சை ஆக்கி மூன்று நாள் ஆகியிருந்தது. அண்ணாச்சி முதலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் குழிமேல் போட்டுப் பார்த்தார். தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் குடையோடு போய் அவரே குழி ஓரத்தில் நின்றுகொண்டார். "மக்களே, அங்கன ஒதுங்கி வாங்க, இங்கன வராதீய" என்று ஒவ்வொரு பிள்ளையாகத் தாண்ட வைத்தார். எல்லாரும் போன பிறகு வீட்டுக்குத் திரும்பக் காலை எடுத்து வைத்தார். அவர்தான் உள்ளே போனார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் அவர் கட்டில் அருகே போய் நின்றேன்.

"அண்ணாச்சி, அந்தக் காண்ட்ராக்ட் புள்ள நான்தான்."

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நீயால?"

"ஆமா அண்ணாச்சி."

"வேலை இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். நாலு கெட்ட வார்த்தை சொல்லி ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மழையில் அண்ணாச்சி வந்து அமுக்காமல் விட்டதால் என் கைபேசியில் அப்படியே கிடந்த கடைசி மனுவின் செய்தியை அன்று சாயங்காலம் திறந்து 'இல்லை' என்று அழுத்தினேன். மனு மேலே போனது. என்னைக் கூப்பிட்டு ஏசினார்கள். மேடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் சிலாப் வந்துவிட்டது. என் வேலையும் போகவில்லை. இரண்டு நாள் ஏச்சு, அவ்வளவுதான். அதற்குப் பயந்து ஒரு மனிதரின் நடையை முடக்கிப் போட்டுவிட்டேன்.

போன மாதம் நாசரேத்துக்குப் போயிருந்தேன். அங்கே டீச்சராக இருக்கும் மகள் வீட்டில்தான் அண்ணாச்சி இப்போது இருக்கிறார். நாலு கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரை நடக்கிறார். புது சிலாப்பைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வாங்கி, விரலால் பெரிதாக்கி, நாலு மூலையும் பார்த்தார்.

"ஒரு பக்கம் எறக்கமா போட்டுருக்கானுவ. தண்ணி நிக்கும். ஒரு மனு போடணும்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்ல. உனக்குல்லா சங்கடம்."

"போடுங்க அண்ணாச்சி. நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து எழுதுதேன்" என்றேன்.

சிரித்தார். போடவில்லை. எனக்காகத்தான் போடவில்லை என்று தெரியும். தினமும் அலுவலகத்தில் திரையைத் திறந்ததும் எங்கள் தெரு பெயரைத்தான் முதலில் தேடுகிறேன். அந்த மனிதர் என்னை நம்பி இன்னும் ஒரே ஒரு மனு போட மாட்டாரா என்று இருக்கிறது.