ஊர்க்காவலனைக் கூட்டிப்போக வந்தவர்கள்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு விண்கலம் வருகிறது. வெள்ளிக்கிழமை பார்த்து, அச்சங்குளம் பட்டாசு ஆலையின் தண்ணீர்த் தொட்டி காலியாகக் கிடந்தது. ஊர்க்காவலனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் வேற்றுக்கிரகத்துக்காரர். பிறவியிலேயே உடம்பெல்லாம் வெள்ளி நிறம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெம்பக்கோட்டை அணைப்பக்கம் வந்து விழுந்தவர், அலுமினியத் தூள் அப்பிய பட்டாசுத் தொழிலாளிகளைப் பார்த்து, நம்ம ஜனம்தான் என்று போய் ஒட்டிக்கொண்டார். அவர்கள் குளித்து எழுந்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அதற்குள் வேலை கொடுத்து, பேர் வைத்து, வேலுத்தாயையும் கட்டிவைத்துவிட்டார்கள்.

ஊரில் அவருக்குக் குளிக்காத மனுஷன் என்று கெட்ட பேர். வேலுத்தாய் மட்டும் தோல் வியாதி என்று நம்பி, வாராவாரம் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிடுவாள்.

புதன்கிழமை மேலேயிருந்து தகவல் வந்தது. அம்மாவுக்கு முடியவில்லை. இப்போது விட்டால் பார்க்க முடியாது. போனால் திரும்பி வரவும் முடியாது. கலத்தில் ஒரே ஒரு இடம். ஆலை வாசலில் நில், நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்றார்கள்.

வேலை முடிந்து எல்லாரும் குளித்துவிட்டுத்தானே கிளம்புவார்கள், தான் மட்டும் வெள்ளியாக நிற்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கில்தான் தொட்டி மண்ணைப் போட்டது.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தார்.

"ஊர் ஞாபகமா இருக்கு, வேலுத்தாயி."

"எந்த ஊரு? ஒங்க ஊரு இங்கனதான இருக்கு. சாப்பிடுங்க," என்று அவள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் தண்ணீர் லாரிக்குச் சொன்னார். வந்த லாரியை யாரோ வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கண்மாயிலிருந்து தானே குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். மத்தியானம் பார்த்தால் குழாய் திறந்து கிடந்தது, தண்ணீரெல்லாம் வேப்பமரத்துக்குப் போயிருந்தது. கடைசியில், கொஞ்சநஞ்சத் தண்ணீரிலாவது கழுவட்டும் என்று ஆளுக்கொரு சோப்பு கொடுத்தார். கூட வேலை பார்க்கும் நாற்பது பேரும் மரியாதையாக வாங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

"என்ன, எலெக்சன்ல நிக்கப் போறீகளா?" என்று கேட்டார் போர்மேன் அய்யாதுரை.

ஐந்து மணிக்கு வாசலைத் தாண்டி நாற்பத்தோரு வெள்ளி மனிதர்கள் வந்தார்கள். மேகத்துக்குள் ஏதோ மினுங்கியது. ஊர்க்காவலன் முன்னால் ஓடிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். பின்னால் நாற்பது பேரும் கையை ஆட்டினார்கள். குதித்தார். அவர்களும் குதித்தார்கள். தன் பாஷையில் தொண்டை கிழியக் கத்தினார். பெண்கள் சேர்ந்து குலவை போட்டதில் அந்தச் சத்தம் அமுங்கிப்போனது.

மினுங்கல் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு மேற்கே நகர்ந்து மறைந்துவிட்டது.

இனி அம்மாவைப் பார்க்க முடியாது. ஊர்க்காவலன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். வாசலுக்கு வந்திருந்த வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளியே நின்றாள், கிட்டே வரவில்லை.

வாட்ச்மேன் கண்ணுச்சாமி வந்து பக்கத்தில் குந்தினார்.

"வேலுத்தாயி மதினிய வையாதீகண்ணே. ஒறக்கத்துல நீங்க அம்புட்டையும் ஒளறிட்டீகளாம். நேத்துக் காலையிலயே வீடு வீடா வந்து, 'நாளைக்கு ஒருத்தரும் மூஞ்சி களுவாதீக, எங்க வீட்டுக்காரரத் தூக்கிட்டுப் போயிருவாக'ன்னு எங்க கால்ல விளுந்து அளுதாக."