எடுத்துச் செல்ல வேண்டாம்

தெருமுனையில் குப்பை வைக்கும் இடத்தில் ஒரே ஒரு பைதான் மிஞ்சியிருந்தது. காக்கை கிளறாமல் இருக்கப் போர்த்தியிருந்த நீல வலைக்கு அடியில் அது தனியாக உட்கார்ந்திருந்தது. வேலைக்குக் கிளம்பிய குராமோச்சி காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். பையின் மேல் அவர் கையெழுத்தில் அவர் பெயர். பெயருக்கு மேலே ஒரு சிவப்புக் காகிதம்.

'இதை எடுத்துச் செல்ல வேண்டாம். குடியிருப்போர் சங்கம்.'

லாரி வந்து போய்விட்டது. தெருவில் மற்ற முப்பது வீட்டுப் பைகளும் போய்விட்டன. எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்த மாதிரி இருந்தது. குராமோச்சி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி ஓடினார்.

"சுமியே! நம்ம பையை விட்டுட்டுப் போயிட்டாங்க!"

மனைவி சுமியே பல் தேய்த்துக்கொண்டே வந்தாள். காகிதத்தைப் படித்தாள். பிரஷ் வாயிலேயே நின்றது.

"சிவப்பா?"

"சிவப்புதான்."

"இசோபே வீட்டுப் பைக்கு மஞ்சள்தாங்க ஒட்டினாங்க. அதுக்கே அடுத்த மாசம் மித்தோ ஊருக்குக் குடி போயிட்டாங்க."

"அது வேலை மாத்தல்டி."

"அப்படித்தான் அவங்களும் சொன்னாங்க."

வேறு யாராக இருந்தாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள். குராமோச்சிக்கு வேலையே குப்பைதான். ஊரிலிருந்த விண்வெளி மையத்தில் அவர் மூத்த அதிகாரி. ஆளில்லாத சரக்குக் கலம் ஒன்று மேலே சுற்றிக்கொண்டிருக்கும் நிலையத்துக்குத் தண்ணீரும் சாப்பாடும் துணிமணியும் கொண்டுபோகும். சரக்கை இறக்கியதும், அங்கே இருக்கும் ஆறு பேர் சேர்த்து வைத்த குப்பையை அதில் அடைத்து, கதவைச் சாத்தி, கழற்றி விடுவார்கள். தென் பசிபிக் கடலுக்கு மேலே வந்து அது எரிந்து போகும். எந்தப் பை எந்த மூலையில், எத்தனை கிலோ என்று பட்டியல் போடுபவர் குராமோச்சி. எடை ஒரு பக்கம் கூடினால் கலம் தடுமாறும். பதினோரு வருஷமாக அவர் பட்டியலில் ஒரு பை தவறியதில்லை. அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவு சாத்த வேண்டும்.

சமையலறையில் பழைய செய்தித்தாளை விரித்து இருவரும் பையைக் கொட்டினார்கள். அன்றைக்கு எரியும் குப்பைக்கான நாள்; வேறு எது கலந்திருந்தாலும் பையை எடுக்க மாட்டார்கள்.

"தயிர் மூடி எங்கயாவது கலந்திருக்கா பாருங்க."

"அது பிளாஸ்டிக். வியாழக்கிழமை பையில இருக்கு."

"டீப் பொட்டலத்து நூல்?"

"பருத்தி. எரியும்."

"நூல் நுனியில பின் குத்தியிருப்பானே?"

"பின் இல்லாத கம்பெனியாப் பார்த்துத்தானே நாலு வருஷமா வாங்கறேன்!"

"அப்ப உங்க மேலதான் ஏதோ தப்பு."

"என்னையா பைக்குள்ள போட்டேன்?"

அதற்குள் ஒரு பை ஐந்து குவியலாகியிருந்தது. கானாங்கெளுத்தி மீனின் இரண்டு தலைகள் தாளிலிருந்து விடுபட்டு ஆளுக்கொரு பக்கம் உருண்டன. மணி எட்டேகால். குராமோச்சி எல்லாவற்றையும் வாரி ஒரே பையில் திணித்தார்.

"சாயங்காலம் வந்து பார்த்துக்கலாம்."

"இங்க வெச்சிட்டுப் போகாதீங்க! பத்து மணிக்கு முரோதா அம்மா சுற்றறிக்கை கொண்டு வர்றாங்க. வாசல்ல நின்னே உள்ள என்ன இருக்குன்னு மோந்து சொல்லிடுவாங்க."

முரோதா அம்மா சங்கத்தின் தலைவி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கண்டால் தெருவில் நாய்கூட ஓரமாக நடக்கும். குராமோச்சி பையைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டார். ஆகஸ்ட் மாத வெயில் அப்போதே சுட்டது.

வழியில் இருபத்துநான்கு மணி நேரக் கடை ஒன்று. வாசலில் குப்பைத் தொட்டி. சாதாரணமாக நடப்பதுபோல் நடந்து போய்ப் பையைத் திணிக்கப் பார்த்தார். தொட்டியின் வாயை விடப் பை பெரியது.

"சார்!" கடைப் பெண் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். "வீட்டுக் குப்பை இங்க போடக் கூடாதுங்க."

"இல்ல... சும்மா அளவு பார்த்தேன்."

வெட்கத்தில் உள்ளே போய் இரண்டு சோற்று உருண்டையும் ஒரு காப்பியும் வாங்கினார். இப்போது பையோடு சேர்த்து அவர் கையில் இரண்டு உறை, ஒரு டப்பா, ஒரு மூடி, ஒரு உறிஞ்சுகுழல்.

மையத்தின் வாசலில் அன்றைக்கென்று வண்டிச் சோதனை. காவலாளி டிக்கியைத் திறந்து, ஓரடி பின்வாங்கினார்.

"என்ன சார் இது?"

"மாதிரி," என்றார் குராமோச்சி. அவருக்கே அந்தப் பதில் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"சரி சார்." காவலாளி ஏட்டில் எழுதினார். 'மாதிரி: ஒன்று.' "இந்தச் சீட்டை வெச்சுக்குங்க. உள்ள போன மாதிரி அப்படியே வெளிய வரணும். வரலைன்னா விசாரணை."

ஆக, மையத்தின் குப்பைக் கிடங்கில் அதைத் தள்ளிவிடும் யோசனையும் போயிற்று.

கட்டுப்பாட்டு அறையில் கைபேசி கூடாது. பத்தேகாலுக்குப் பக்கத்து இருக்கை ஹனாவா ஒரு துண்டுச் சீட்டை நகர்த்தினாள். "உங்க வீட்டம்மா ஆபீஸ் போனுக்குப் பேசினாங்க சார்."

'முரோதா அம்மா வந்தார். கதவைத் திறக்கவில்லை. குளியலறையில் இருக்கிறேன்.'

மேலே விண்வெளி வீரர் நிஷிவாகி, அடைத்த பைகளின் எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். குராமோச்சி பட்டியலில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். முப்பதாவது பை. முப்பத்தொன்று. இன்னொரு சீட்டு வந்தது.

'மறுபடி வந்தார். கூட இரண்டு பேர். கோட்டு போட்டிருக்கிறார்கள்.'

"நகரசபையா இருக்குமோ?" என்று குராமோச்சி முணுமுணுத்தார்.

"எது சார்?" என்றாள் ஹனாவா.

"ஒண்ணுமில்ல."

முப்பத்தைந்து. முப்பத்தாறு. மூன்றாவது சீட்டு.

'ஒருவர் கையில் கேமரா. நம் வீட்டுப் பெயர்ப் பலகையைப் படம் எடுக்கிறார்கள்.'

"பை முப்பத்தேழு, இடது பக்கம், உள்வரிசை," என்றது நிஷிவாகியின் குரல்.

"அதுல மீன் தலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் குராமோச்சி.

அவர் கேட்டது மனதுக்குள் என்றுதான் நினைத்தார். ஆனால் விரல் பேச்சுப் பொத்தானின் மேல் இருந்தது. கேள்வி மேலே போய்விட்டது. அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் அதே தடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் காதிலும் விழுந்தது.

"மீன்... தலையா? போன வாரம் சாப்பிட்ட மீன் டப்பா இருக்கலாம். ஏன், ஏதாவது பிரச்சினையா?"

தலைமை அதிகாரி எழுந்து வந்தார். "குராமோச்சி, முப்பத்தேழுல என்ன?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "அந்தப் பையோட எடை கொஞ்சம் சந்தேகமா இருக்கு. ஒரு தடவை திறந்து பார்த்துட்டா நல்லது."

"நீங்களே சொல்றீங்கன்னா காரணம் இருக்கும்," என்றார் அதிகாரி. பதினோரு வருஷப் பேர் அப்படி.

முப்பத்தேழாவது பைக்கு முன்னால் நாற்பத்தாறு பைகள் இருந்தன. இரண்டு வீரர்கள் இரண்டு மணி நேரம் அவற்றை வெளியே இழுத்தார்கள். இழுத்தவை நிலையமெங்கும் மிதந்தன. ஒன்று வாய் பிரிந்து, அழுக்குச் சட்டைகள் கூட்டமாக ஆய்வுக்கூடத்துக்குள் நீந்திப் போனதைத் திரையில் எல்லோரும் பார்த்தார்கள்.

"முப்பத்தேழைப் பிரிச்சாச்சு," என்றார் நிஷிவாகி, மூச்சிரைக்க. "துடைப்புத் துணி, காலி டப்பா. பட்டியல்ல என்ன இருக்கோ அதேதான். தலை எதுவும் இல்ல."

"நன்றி," என்றார் குராமோச்சி. அதைவிடச் சின்ன வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை.

திரும்ப அடைத்தபோது எந்தப் பையும் பழைய இடத்தில் இல்லை. எண்பத்துமூன்று பைகளுக்கும் புதுப் பட்டியல் போட வேண்டியிருந்தது. குராமோச்சி சாப்பிடாமல் கூட்டினார், அழித்தார், மறுபடி கூட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கதவு சாத்தும்போது மணி மூன்று. நாலு வருஷமாகப் பக்கத்தில் உட்காரும் ஹனாவா அவரை முதல் தடவையாகக் கவலையோடு பார்த்தாள்.

"சார், வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"இருக்காங்க. குளியலறையில இருக்காங்க."

வெளியே வந்தபோது காவலாளி டிக்கியைத் திறக்காமலேயே கையசைத்தார். "மாதிரி உள்ளதான் இருக்கு சார், தெரியுது. போங்க, போங்க."

நகரத்துக் குப்பை எரிக்கும் ஆலை நாலரைக்கு மூடும். நாலு இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். எடை மேடையில் இருந்த ஆள் பையைப் பார்த்தார், வரிசையில் நின்ற லாரிகளைப் பார்த்தார், குராமோச்சியின் முகத்தைப் பார்த்தார்.

"இந்த ஒரு பைக்கா கார்ல வந்தீங்க?"

"தயவு பண்ணி எதுவும் கேக்காதீங்க."

அந்த ஆளுக்கு என்ன தோன்றியதோ, பையை வாங்கி அவரே குழிக்குள் வீசினார். அடியில் போய் அது விழுந்த சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கலங்களை எரிய அனுப்பியிருக்கிறார் குராமோச்சி. ஒன்றுக்கும் இப்படிக் கண் கலங்கியதில்லை.

வரும் வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தார். எது தப்பென்று தெரியாது, ஆனால் தப்பு என்னுடையதுதான். தெருமுனையில் திரும்பினார். குப்பை வைக்கும் இடத்தில் கூட்டம். கேமராவோடு கோட்டு போட்ட இருவர், அக்கம்பக்கத்துப் பெண்கள், நடுவில் முரோதா அம்மா. சுமியே ஒருவழியாக வெளியே வந்து, ஓரத்தில் தலை குனிந்து நின்றாள்.

குராமோச்சி காரை அப்படியே விட்டு இறங்கி ஓடிப் போய், இடுப்பு முறிய வணங்கினார்.

"மன்னிச்சிடுங்கம்மா! இனிமே இந்தத் தெருவுக்கு என்னால ஒரு தலைகுனிவு வராது. அந்தப் பையை நானே ஆலைக்குக் கொண்டுபோய் எரிச்சிட்டேன்!"

முரோதா அம்மாவின் கையிலிருந்த சுற்றறிக்கை அட்டை நழுவி விழுந்தது.

"எரிச்சிட்டீங்களா? குப்பைன்னா இப்படிப் பிரிக்கணும்னு அந்தப் பையை ஊருக்கே காட்டறதுக்கு, லாரிக்காரன் தூக்கிட்டுப் போயிடப் போறான்னு நான்தானேப்பா காகிதம் ஒட்டி வெச்சேன், உங்களுக்குத்தான் நகரசபை முதல் பரிசு!"